கையை ஓங்கும் பையனுக்குப் பந்தயத்தில் எதிர்காலம் உண்டா?

வேலந்தாவளம் எழுதியது:

வணக்கம். நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், பந்தயம் என்றால் எல்லை தாண்டிக் கோவை. என் மகனுக்கு வயது 14. கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி ஓட்டுகிறான். குட்டியானையில் வண்டியை ஏற்றி விடியற்காலையில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஏழு மணிக்குத் தடத்தில் இருப்போம்.

போன ஞாயிறு இறுதிப் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தான். முடிய இரண்டு வளைவுகளே இருந்தபோது பின்னால் வந்த பையன் இடித்து மண்ணில் இறக்கிவிட்டான். ஐந்தாவதாக வந்து சேர்ந்தான். எடை பார்க்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியதும் நேராகப் போய் அந்தப் பையனின் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். விலக்கிவிட வந்த மார்ஷல் (தடத்துப் பணியாளர்) மீது கையுறையைக் கழற்றி வீசியிருக்கிறான். இடித்தவனுக்கு ஐந்து வினாடி தண்டனை. என் மகனுக்கு அந்தப் பந்தயமே ரத்து. மறுபடி நடந்தால் லைசென்ஸ் குறித்து மேலே எழுதுவோம் என்று எழுத்தில் எச்சரிக்கை வேறு.

இதுவரை டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் கைகொடுத்து வந்தவர் என் மைத்துனர். யாரோ எடுத்த வீடியோ அவர் கைக்கும் போய்விட்டது. "யோசித்துச் சொல்கிறேன் மச்சான்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

பையனிடம் பேசினால், "வெர்ஸ்டாப்பனும்தான் தள்ளினார். அவர் உலக சாம்பியன் ஆகவில்லையா?" என்று திருப்பிக் கேட்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. இப்படி ஒரு சம்பவம் ஒரு பையனின் பந்தய வாழ்க்கையை உண்மையிலேயே கெடுக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டிமடை எழுதியது:

அண்ணா, அவன் சொல்வது 2018 பிரேசில் ஃபார்முலா ஒன் பந்தயம். வெர்ஸ்டாப்பன் முதலிடத்தில் இருந்தார். ஒரு சுற்று பின்தங்கியிருந்த எஸ்டபான் ஒகான் அந்தச் சுற்றை மீட்டுக்கொள்ளப் பார்த்தபோது இருவரும் மோதினார்கள். வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. பந்தயம் முடிந்ததும் எடை பார்க்கும் இடத்தில் ஒகானை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். உங்கள் பையன் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறான், இடம்கூட மாறவில்லை!

ஆனால் அன்று வெர்ஸ்டாப்பன் யார்? 21 வயது, அதற்குள் ஐந்து கிராண்ட் பிரீ வெற்றிகள். அவரை இழக்க எந்த அணியும் தயாராக இல்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. கொடுத்த தண்டனை இரண்டு நாள் பொதுச்சேவை. அதில் ஒரு நாளை மராக்கேஷில் ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் பந்தயத்தில் நடுவர்களுடன் உட்கார்ந்து கழித்தார். சரக்கு இருப்பவனுக்குத் தண்டனையும் தள்ளுபடி விலையில்தான் கிடைக்கும். 14 வயதில், மைத்துனர் வாங்கித் தந்த டயரில் ஓடுகிறவனுக்கு முழு விலை.

நெம்மாறை எழுதியது:

எல்லோரும் சேர்ந்து பையனைப் பஜனை மடத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். கோபம் வராதவன் எதற்குப் பந்தயத்துக்கு வர வேண்டும்? 1982-இல் ஹாக்கன்ஹைமில் நெல்சன் பிக்கே, தன்னை இடித்த சலசாரை உலகமே பார்க்க அடித்தார், உதைத்தார். 1993-இல் சுசுகாவில் வென்ற கையோடு எடி இர்வைனைத் தேடிப் போய் அடித்தவர் அயர்டன் சென்னா. இருவரும் ஆளுக்கு மூன்று முறை உலக சாம்பியன். இடித்துவிட்டு ஐந்து வினாடியோடு தப்பித்த பையனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

எட்டிமடை எழுதியது:

சென்னா இர்வைனை அடித்தபோது மூன்று பட்டங்களும் அவர் கையில் இருந்தன. பிக்கே அடித்தபோது அவர் நடப்புச் சாம்பியன். நான் சொன்ன கணக்குக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

கணவாய்க் காற்று எழுதியது:

சாம்பியன்களை விடுங்கள். வேலந்தாவளம் அண்ணாவின் மகன் தெரிந்துகொள்ள வேண்டியது ரொமானோ ஃபெனாட்டியின் கதை. பைக் பந்தயம்தான், ஆனாலும் இந்த இழைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

2018 செப்டம்பர், இத்தாலியின் மிசானோ தடம், மோட்டோ2 பிரிவு. ஃபெனாட்டிக்கு 22 வயது. அவரும் ஸ்டெஃபனோ மான்சியும் ஒருவரையொருவர் தடத்தைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டே ஓடினார்கள். நேர்ப்பாதையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், ஃபெனாட்டி இடது கையை நீட்டி மான்சியின் முன்பிரேக் பிடியை அழுத்தினார். மான்சியின் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. விழவில்லை, அவ்வளவுதான். விழுந்திருந்தால் நாம் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றினார்கள். முதலில் கொடுத்தது இரண்டு பந்தயத் தடை மட்டும். பிரேசில் சம்பவத்தின் தண்டனையைப் போல இதுவும் அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. மறுநாளே அவருடைய அணி ஒப்பந்தத்தை முறித்தது. அடுத்த ஆண்டுக்கு அவரை எடுத்திருந்த பைக் நிறுவனமான எம்.வி. அகுஸ்டாவும் கைவிட்டது. அவர் போய்ச் சேரவிருந்த அந்த அணியில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அதே மான்சி. பிறகு லைசென்ஸும் அந்த ஆண்டு முடியும் வரை நிறுத்தி வைக்கப்பட்டது. தாத்தாவின் இரும்புச் சாமான் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஃபெனாட்டி சொன்னார்.

நடுவர்கள் கொடுத்ததைவிட மற்றவர்கள் கொடுத்தது அதிகம். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் சின்னது, மைத்துனரின் "யோசித்துச் சொல்கிறேன்" பெரியது.

2019-இல் அவர் திரும்பி வந்தார், ஆஸ்திரியாவில் ஒரு பந்தயம்கூட வென்றார். ஆனால் ஒரு படி கீழே, மோட்டோ3-இல்.

செட்டிபாளையம் சாலை எழுதியது:

நான் பல ஆண்டுகளாக மார்ஷல் வேலை பார்ப்பவன். சம்பளத்துக்கு அல்ல, ஆசைக்கு. அந்தக் கையுறை யார் மீது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. என் மீது இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

கார்ட் பந்தயம் முடிந்ததும் ஓட்டுநரையும் வண்டியையும் சேர்த்து எடை போடுவோம். அதுவரை பையன்கள் வரிசையில் நிற்க வேண்டும். இடித்தவனும் இடிபட்டவனும் ஒரே வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில். இதயம் இன்னும் பந்தய வேகத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழியும். காது அடைத்திருப்பதால் பேச்செல்லாம் கத்தலாகத்தான் வரும். சண்டை நடப்பது பெரும்பாலும் இங்கேதான், தடத்தில் அல்ல. ஆகவே ஒரு சிறுவன் எப்படிப்பட்டவன் என்று நாங்கள் கணிப்பதும் இங்கேதான்.

நெம்மாறை கேட்ட ஐந்து வினாடி விஷயம்: கார்ட்டின் முன்பம்பரை இறுக்கமாக முடுக்க மாட்டார்கள். கொக்கியில் மாட்டியிருப்பார்கள். முன்னால் போகிறவனை ஓங்கி இடித்தால் அது உள்ளே தள்ளிப்போய்விடும். பந்தயம் முடிந்து பார்க்கும்போது பம்பர் இடம் மாறியிருந்தால் ஐந்து வினாடி சேர்ப்பார்கள். யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, பம்பரே சாட்சி. ஆகவே இடிபட்டவன் வாயே திறக்காமல் நின்றிருந்தாலும் இடித்தவனுக்குத் தண்டனை வந்திருக்கும். வேலந்தாவளம் தம்பி, உங்கள் மகன் அந்த வரிசையில் சும்மா நின்றிருந்தால் இடித்தவனுக்கு ஐந்து வினாடி சேர்த்த பிறகு ஓரிடமாவது மேலே போயிருப்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பம்பர் என்றதும் லூக்கா கோர்பெரி நினைவுக்கு வருகிறார். 2020 அக்டோபர், இத்தாலியில் லொனாட்டோ தடம், உலகக் கார்ட் சாம்பியன்ஷிப். 23 வயது. பாவ்லோ இப்போலிட்டோவுடன் மோதி வெளியேறினார். கழன்று விழுந்த பம்பரைக் கையில் தூக்கிக்கொண்டு தடத்தின் ஓரத்தில் காத்து நின்றார். இப்போலிட்டோ சுற்றி வந்ததும், ஓடும் வண்டி மீது அதை வீசினார். அதோடு விடவில்லை. பந்தயம் முடிந்த பிறகு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் அவர் மீது பாய்ந்தார். கோர்பெரியின் தந்தையும் அந்தக் கைகலப்பில் இறங்கினார். தடத்தை நடத்துவதே அவர்கள் குடும்பம் என்பது கொடுமையிலும் கொடுமை.

தாம் செய்ததற்குச் சாக்கு எதுவும் இல்லை, இனி மோட்டார் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போவதில்லை என்று கோர்பெரியே எழுதினார். 2021-இல் எஃப்.ஐ.ஏ. தீர்ப்பாயம் 15 ஆண்டு தடை விதித்தது. தந்தைக்கும் தடை.

அந்த வீடியோவை எல்லோரும் பம்பருக்காகப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அவர் பம்பரோடு காத்து நின்ற நேரத்தை. ஒரு நொடியில் கை நீள்வதை எங்களால் ஓரளவு மன்னிக்க முடியும். காத்திருந்து அடிப்பதை முடியாது. அறிக்கை எழுதும்போது நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்: இறங்கியதும் போனானா, நின்று நிதானித்துப் போனானா?

இன்னொன்று. வேலியோரம் நிற்கும் பெற்றோரையும் கவனிக்கிறோம்.

வேலந்தாவளம் எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கடைசி வரி எதற்கு? நான் அன்று வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். இடித்த பையனின் தந்தை வண்டிகளைப் பழுது பார்க்கும் பிட்டுக்குள்ளேயே நின்று கத்திக்கொண்டிருந்தார், அவரை யாரும் கேட்கவில்லை. கடன் வாங்கி வண்டி ஓட்டுகிற வீட்டுக்குக் குரல் உயரத்தான் செய்யும். அதைப் பிள்ளையின் குற்றத்தோடு சேர்க்காதீர்கள்.

செட்டிபாளையம் சாலை எழுதியது:

சேர்க்கவில்லை. கவனிக்கிறோம் என்றேன்.

மீனாட்சிபுரம் எழுதியது:

நான் பந்தயக்காரி அல்ல. எங்கள் குடும்பத்துக்குத் தென்னை நார் தொழில். ஒரு முறை ஒரு பையனின் வண்டியில் எங்கள் நிறுவனத்தின் பெயரை ஒட்டப் பணம் கொடுத்திருக்கிறோம். பணம் கொடுப்பவர் பக்கத்திலிருந்து ஒருவரும் பேசாததால் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் திறமை, தண்டனை என்று பேசுகிறீர்கள். பணம் கொடுப்பவருக்குச் சுற்று நேரம் புரியாது. புரிவது ஒன்றுதான்: எங்கள் பெயர் எந்தப் படத்தில் வருகிறது? கோப்பையைத் தூக்கும் படத்தில் வந்தால் மகிழ்ச்சி. ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கும் வீடியோவில் அந்தப் பெயர் தெளிவாகத் தெரிந்தால், மறுநாள் வாடிக்கையாளர் அதைப் பற்றித்தான் கேட்பார்.

இது சின்ன ஊர்ப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2011 நவம்பரில் அமெரிக்காவில், டெக்சாஸ் தடத்தில், கைல் புஷ் என்ற ஓட்டுநர் மஞ்சள் கொடி விழுந்து எல்லோரும் வேகம் குறைத்திருந்த நேரத்தில் ரான் ஹார்னடேயின் வண்டியை வேண்டுமென்றே சுவரில் மோதவிட்டார். அது ட்ரக் பிரிவுப் பந்தயம். அவருடைய முதன்மைப் பந்தயம் அந்த வாரக் கடைசியில்தான். பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அதில் அவரை ஓடவே விடவில்லை. மிட்டாய் விற்கும் மார்ஸ் நிறுவனம் அந்த ஆண்டின் கடைசி இரண்டு பந்தயங்களுக்குத் தன் பெயரை அவர் காரிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு திரும்பி வந்தது, அவரும் 2015, 2019 என இரண்டு முறை சாம்பியன் ஆனார். ஆனால் அப்போதே அவர் பெரிய பெயர். மார்ஸுக்கு விட்டுப்போக மனமில்லை. எங்களைப் போன்றவர்கள் ஒரு முறை பெயரை எடுத்தால் திரும்ப ஒட்ட மாட்டோம். பையன் மீது கோபத்தால் அல்ல. அந்தப் பணத்துக்கு வேறு நூறு செலவு காத்திருக்கிறது.

மைத்துனரிடம் பேசப் போவது நீங்களா, மகனா? மகன் பேசட்டும்.

எட்டிமடை எழுதியது:

மீனாட்சிபுரம் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம்மூர்ப் பையன் அடிபட்ட கதை அது.

2018 ஜூலை, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடம், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழான ஃபார்முலா 2. ட்ரைடென்ட் அணியில் இரண்டு ஓட்டுநர்கள்: பெங்களூரைச் சேர்ந்த அர்ஜுன் மைனி, அமெரிக்கரான சான்டினோ ஃபெருச்சி. ஒரே அணி! பந்தயத்தின் நடுவில் மைனியை வெளியே தள்ளினார் ஃபெருச்சி. பந்தயம் முடிந்து எல்லோரும் மெதுவாகத் திரும்பும் சுற்றில் பின்னாலிருந்து வந்து மைனியின் காரை இடித்தார். இது போதாதென்று தடத்துக்கு வரும் வழியில் ஒரு கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பந்தயக் காரை ஓட்டியிருந்தார். 60,000 யூரோவுக்கு மேல் அபராதம், நான்கு பந்தயங்களுக்குத் தடை. அணியும் அவரை வெளியேற்றியது.

20 வயதில் கதை முடிந்தது என்று நினைத்தோம். அமெரிக்காவுக்குத் திரும்பினார், அங்குள்ள இண்டிகார் பந்தயத் தொடரில் இடம் கிடைத்தது, 2019 இண்டியானாபொலிஸ் 500-இல் ஏழாவதாக வந்து சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். 2023-இல் அதே பந்தயத்தில் மூன்றாம் இடம்.

ஆக, ஐரோப்பாவில் கதவை அறைந்து சாத்தினாலும் அவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அங்கே வேறொரு பெரிய பந்தய உலகமே நடக்கிறது. நம் பையன்களுக்கு அப்படி மாற்று வீடு எது? தேசிய அளவில் ஒரே சம்மேளனம், கைவிரலில் எண்ணும் அளவுக்குத் தடங்கள், எங்கே போனாலும் அதே நடுவர்கள், அதே மார்ஷல்கள். சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் செய்தது நம் செட்டிபாளையம் தடத்துக்கு முன்கூட்டியே வந்து சேரும்.

நெம்மாறை எழுதியது:

நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், ஃபெருச்சி பிழைத்துக்கொண்டார். திறமை இருந்தால் எங்கேயாவது இடம் கிடைக்கும்.

எட்டிமடை எழுதியது:

டான் டிக்டமைக் கேட்டுப் பாருங்கள். 2015-இல், 16 வயதில், பிரிட்டனின் இளையோர் பந்தயத்தில் எல்லோரையும் மெதுவாக வரவைக்கும் பாதுகாப்பு கார் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது சுமார் பத்துக் கார்களை முந்திப் போய், தன்னை முன்பு இடித்தவனைத் தேடிப் பிடித்து இடித்தார். பம்பரோடு காத்திருந்த அதே வகைக் கோபம், ஆனால் கார் வேகத்தில். இரண்டு ஆண்டு தடை. அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. திரும்பி வந்து, நகரத் தெருக்களில் நடக்கும் மக்காவ் கிராண்ட் பிரீயை 2017, 2018 என அடுத்தடுத்து வென்றார். அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒரு முறை ஜெயிப்பதே பெரிது. ஃபார்முலா ஒன் அணி வைத்திருக்கும் ரெட்புல் தன் இளையோர் திட்டத்தில் வைத்திருந்தது. 2019-இல் விட்டுவிட்டது. இன்னொரு ஃபார்முலா ஒன் அணியான வில்லியம்ஸ் எடுத்தது. 2021-இல் அதுவும் கைவிட்டது. அதே அணியின் ஓட்டுநர் லத்திஃபியைக் கேலி செய்து இவர் பேசியது அதற்குச் சற்று முன்புதான் இணையத்தில் ஓடியது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரு முறைகூட அவர் தொடங்கவில்லை. ஃபார்முலா ஈ-இல் ஓடுகிறார், 2025-இல் ஜகார்த்தாவில் முதல் வெற்றி. பிழைப்பு இருக்கிறது. ஆனால் மக்காவில் இரண்டு முறை வென்றவன் போக வேண்டிய இடம் அதுவா?

கோபாலபுரம் எழுதியது:

பந்தயம் என்றால் எனக்கு ரேக்ளாதான் தெரியும், அதனால் ஒரே ஒரு குறுக்குப் பேச்சு. பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்ப்பார்கள். பக்கத்தில் இடிக்க ஆளே கிடையாது. தோற்றால் காளையையும் கடிகாரத்தையும் தவிர யாரைத் திட்டுவது? அப்படியும் எங்களூரில் நேரம் பார்த்தவரோடு சட்டையைப் பிடித்த கதைகள் உண்டு! ஆகவே இடித்தவன்மீதுதான் கோபம் என்பதை நான் முழுதாக நம்பவில்லை. தோல்வியை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பையன் மார்ஷல் மீதும் கையுறை வீசியிருக்கிறானே, மார்ஷலா இடித்தார்?

கணவாய்க் காற்று எழுதியது:

நல்ல கேள்வி. அதைத்தான் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நெம்மாறை எழுதியது:

கோவைக்காரர்கள் இவ்வளவு பேர் இருந்தும் நாராயணை மறந்துவிட்டீர்கள். 2012 மலேசியா. மழை. எச்.ஆர்.டி. என்ற கடைசி வரிசைக் காரில் நாராயண் கார்த்திகேயன் ஒரு கட்டத்தில் பத்தாவது இடத்தில் ஓடினார். பிறகு வெட்டல் அவரை முந்தும்போது இருவரும் உரசிக்கொண்டார்கள், வெட்டலின் பின் டயர் கிழிந்தது, 11-ஆவதாக முடித்தார். இரண்டு முறை உலக சாம்பியன், காரிலிருந்தே விரலைக் காட்டினார், தொலைக்காட்சியில் ஏளனமாகவும் பேசினார். நடுவர்கள் கடைசியில் 20 வினாடி தண்டனை போட்டது யாருக்கு? நாராயணுக்கு. வெட்டல் அந்த ஆண்டும் சாம்பியன், அடுத்த ஆண்டும் சாம்பியன். கோபம் அவரை என்ன செய்தது?

கல்பாத்தித் தெரு எழுதியது:

அன்று ஒன்றும் செய்யவில்லை. 2017-இல் அஜர்பைஜானின் பாக்கு நகரப் பந்தயத்தில் செய்தது. பாதுகாப்பு காரைப் பின்தொடர்ந்து எல்லோரும் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் இருந்த ஹாமில்டன் வேண்டுமென்றே பிரேக் போட்டார் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் போய்ச் சக்கரத்தால் இடித்தார். பத்து வினாடி நின்றுபோகும் தண்டனை, மூன்று தண்டனைப் புள்ளிகள். கூத்து என்னவென்றால், ஹாமில்டனின் தலைச்சாய்ப்பு கழன்றதால் அவரும் பிட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இடிக்காமல் இருந்திருந்தால் அந்த வெற்றி வெட்டல் மடியில் தானாக வந்து விழுந்திருக்கும். நான்காவதாக வந்தார். 2013-க்குப் பிறகு அவருக்குப் பட்டமே கிடைக்கவில்லை. அதற்கு நூறு காரணம், இது ஒன்று என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேலந்தாவளம் மாமாவின் மகனுக்கு. அவன் வெர்ஸ்டாப்பனின் 2018-ஐப் பார்த்திருக்கிறான். 2025-ஐப் பார்த்தானா?

பார்சிலோனா, ஜூன் 1. பந்தயம் முடிய இரண்டு மூன்று சுற்றுகள். ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு இடத்தை விட்டுக்கொடு என்று ரேடியோவில் அணி சொல்கிறது. வெர்ஸ்டாப்பனுக்குப் பிடிக்கவில்லை. வேகம் குறைத்து ரஸ்ஸலை முன்னே விடுவது போல விட்டு, வளைவில் திரும்ப முடுக்கி அவர் காரில் மோதுகிறார். ஐந்தாவதாக முடித்தவருக்குப் பத்து வினாடி சேர்க்கப்பட்டதும் பத்தாம் இடம். ஐந்தாம் இடத்துக்குப் பத்துப் புள்ளி, பத்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி. ஒன்பது புள்ளி போயிற்று.

டிசம்பரில் அபுதாபியில் கணக்கு முடிந்தபோது லாண்டோ நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421.

இரண்டு புள்ளியில் ஐந்தாவது பட்டம் போனது. இதை அவனிடம் காட்டுங்கள். புத்திமதியே வேண்டாம், இந்த இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

நெம்மாறை எழுதியது:

ஒரு பருவத்தில் 24 பந்தயங்கள். இரண்டு புள்ளியை எங்கே வேண்டுமானாலும் இழந்திருக்கலாம், பார்சிலோனாவை மட்டும் எடுத்துக்காட்டுவது நியாயமா?

கல்பாத்தித் தெரு எழுதியது:

இழந்திருக்கலாம். டயரில் இழந்தது, இயந்திரத்தில் இழந்தது, மற்றவன் இடித்ததால் இழந்தது எல்லாம் உண்டு. அவையெல்லாம் வேறு யாரோ செய்தவை. பார்சிலோனா மட்டும் அவர் கையால் கொடுத்தது. பிறகு அந்த மோதல் நடந்திருக்கக் கூடாது என்று அவரே சொன்னார். இன்னும் ஒன்று: அன்றைய மூன்று தண்டனைப் புள்ளிகளோடு அவர் கணக்கு 11 ஆனது. பன்னிரண்டு மாதத்தில் 12 சேர்ந்தால் ஒரு பந்தயம் வெளியே உட்கார வேண்டும். 2024-இல் கெவின் மாக்னுசன் என்ற ஓட்டுநர் அப்படித்தான் பாக்கு நகரப் பந்தயத்தை இழந்தார். அவர் இடத்தில் ஓடிய 19 வயது பேர்மன் பத்தாவதாக வந்து புள்ளி எடுத்தார். நாம் கோபத்தில் காலி செய்யும் இருக்கையில் உட்கார எப்போதும் ஒரு பையன் தயாராக நிற்கிறான்.

வேலந்தாவளம் எழுதியது:

423, 421 கணக்கைக் காட்டினேன். முதலில் நம்பவில்லை, கைப்பேசியில் தேடிப் பார்த்தான். பிறகு செட்டிபாளையம் சாலை ஐயா சொன்ன ஐந்து வினாடிக் கணக்கை அவனே போட்டான். அவனை இடித்த பையன் தண்டனைக்குப் பிறகு ஆறாவது இடத்துக்கு இறங்கியிருக்கிறான். சும்மா நின்றிருந்தால் இவன் நான்காவது. "நான்காவதா?" என்று இரண்டு முறை கேட்டான். அதற்குமேல் பேசவில்லை. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

அடுத்த சுற்று வரப்போகிறது. கோபம் வரத்தான் போகிறது, வராமல் இருக்கப் பாடம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த எடை பார்க்கும் வரிசையில் அவன் என்ன செய்ய வேண்டும்? மைத்துனரிடம் அவனே பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

செட்டிபாளையம் சாலை எழுதியது:

சில விஷயங்கள் சொல்கிறேன் தம்பி. நல்ல ஓட்டுநர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றவை.

வண்டி நின்றதும் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கண்ணாடியை மட்டும் தூக்கட்டும். ஹெல்மெட் தலையில் இருக்கும்வரை யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், கேமராவுக்கும் முகம் கிடைக்காது. இரண்டு கையும் ஸ்டியரிங் மீதே இருக்கட்டும். எடை போட்டு முடியும்வரை வண்டியை விட்டு விலகக் கூடாது. அது எப்படியும் விதிதான். புகார் இருந்தால் மார்ஷலிடம் ஒரே வாக்கியம்: "இந்த வளைவில் இடித்தான், நடுவரைப் பார்க்க வேண்டும்." அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். புகார் எழுதிக் கொடுக்கக் கால அவகாசம் உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு, அந்தப் பந்தயத்தின் விதித்தாளில் இரண்டும் இருக்கும். முதலில் தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகு எழுதலாம்.

பெரியவர்களும் இதற்கு ஆள் வைத்துத்தான் பழகுகிறார்கள். ஃபார்முலா ஒன்னில் ஓடிய யூக்கி சுனோடா ரேடியோவில் கத்துவதற்குப் பேர் போனவர். உளவியல் நிபுணரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். வெட்கப்படவில்லை.

வாயையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் கையை அடக்கியவர்கள் அடுத்து வாயில் மாட்டுகிறார்கள். 2025 ஸ்வீடன் ராலியில் அட்ரியன் ஃபோர்மோ பேட்டியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அதுவும் தன் தவறைப் பற்றி. 10,000 யூரோ அபராதம், மறுபடி செய்தால் கட்ட வேண்டும் என்று மேலும் 20,000 நிறுத்திவைப்பு. பிறகு எதிர்ப்பு கிளம்பி எஃப்.ஐ.ஏ. தொகைகளைக் குறைத்தது, அது வேறு கதை.

நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் சரி, இந்தப் பக்கம் நின்றாலும் சரி, எடை முடியும்வரை மகனுக்குச் சைகை காட்டாதீர்கள்.

வேலந்தாவளம் எழுதியது:

நான் சைகை காட்டியதாக யார் சொன்னார்கள்? சரி, விடுங்கள். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்கிறாள் அவன் அம்மா. இடித்த பையனுக்கா, மார்ஷலுக்கா? எனக்கு இடித்தவனிடம் மன்னிப்புக் கேட்பதில் உடன்பாடில்லை.

நெம்மாறை எழுதியது:

எனக்கும்.

செட்டிபாளையம் சாலை எழுதியது:

மார்ஷலுக்கு. அவர் பெயர் தெரியாவிட்டால் பந்தய அலுவலகத்தில் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள். மகன் தன் கையால் எழுதட்டும், தமிழிலேயே எழுதலாம், நான்கு வரி போதும். இடித்தது யார், தண்டனை நியாயமா என்ற பேச்சு அதில் ஒன்றும் வர வேண்டாம். அந்த இன்னொரு பையனுக்குக் கடிதம் தேவையில்லை. அடுத்த சுற்றில் ஓட்டுநர் கூட்டம் காலையில் நடக்கும், இருவரும் ஒரே அறையில்தான் உட்காருவார்கள். அங்கே போய் உன் ஹெல்மெட்டில் நான் கை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லட்டும். அவன் பதில் சொல்கிறானா இல்லையா என்று காத்திருக்க வேண்டாம்.

மீனாட்சிபுரம் எழுதியது:

கடிதத்தின் நகல் ஒன்றை மைத்துனருக்கும் கொடுத்துவிடுங்கள். கொடுப்பது மகனாக இருக்கட்டும்.